மண் மூடிய நஞ்சு

நுழையும்முன்

மண் எதையும் செரித்துவிடும் என்பது நெடுங்கால நம்பிக்கை. இலைதழையையும் சாணத்தையும் எருவாக்கித் தரும் அதே மண், ஆலைகளில் உருவான வேதிப்பொருள்களை அவ்வாறு செரிப்பதில்லை. ஒரு நகரின் குப்பைக்குழியாக இருந்து, பின்னர் வேதிக்கழிவுக் கிடங்காக மாறி, இறுதியில் பள்ளிக்கூடமும் குடியிருப்பும் சூழ நின்ற ஓர் இடத்தின் வரலாற்றையும், அதனைத் தூய்மைப்படுத்த எடுக்கப்பட்ட முயற்சிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயார்க் மாநிலத்தில், நயாகரா பேரருவியை ஒட்டி, அருவியின் பெயரையே தாங்கிய நகரம் ஒன்று இருக்கிறது. 1890களில் வில்லியம் லவ் என்பவர் அந்நகரின் கிழக்குப் பகுதியில் மாதிரி நகரம் ஒன்றை அமைக்கக் கனவு கண்டார். நயாகரா ஆற்றின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் கால்வாய் வெட்டி இணைத்து, விழும் நீரிலிருந்து மின்னாற்றல் பெற்று, ஆலைகளையும் வீடுகளையும் இயக்குவது அவருடைய திட்டம். வெட்டத் தொடங்கிய சிறிது காலத்திலேயே நாட்டில் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. மாறுமின்னோட்டம் நடைமுறைக்கு வந்ததால், மின்னாற்றலை உற்பத்தியாகும் இடத்திற்கு அருகிலேயே பயன்படுத்த வேண்டிய தேவையும் ஒழிந்தது. கனவு கலைந்தது, அரைகுறையாக வெட்டிய பள்ளம் மட்டும் 'லவ் கால்வாய்' என்னும் பெயரோடு எஞ்சியது. அதில் நீர் தேங்கியது. கோடையில் சிறுவர்கள் அதில் நீந்தினர். குளிர்காலத்தில் உறைந்த நீரின்மேல் சறுக்கி விளையாடினர்.

பயனற்றுக் கிடக்கும் பள்ளத்தைக் கண்டால் ஊர் என்ன செய்யும்? குப்பையைக் கொட்டும். 1920களில் அந்தப் பள்ளம் குப்பைக்கிடங்காயிற்று. 1942ஆம் ஆண்டு முதல் ஹூக்கர் வேதித்தொழில் நிறுவனம் தன் கழிவுகளை அங்குக் கொட்டத் தொடங்கியது. பின்னர் அந்நிலத்தையே விலைக்கு வாங்கியது. ஏறத்தாழ பத்தாண்டுகளில் 21,000 டன்னுக்கும் மேற்பட்ட வேதிக்கழிவு, பெரும்பாலும் இரும்புப் பீப்பாய்களில் அடைக்கப்பட்டு, அந்தப் பள்ளத்துள் புதைக்கப்பட்டது. பூச்சிக்கொல்லித் தயாரிப்பின் எச்சங்கள், குளோரோபென்சீன்கள், லிண்டேன், டையாக்சின் கலந்த டிரைகுளோரோபீனால் ஆகியன அவற்றுள் சில. பள்ளம் நிரம்பியதும் அதன்மேல் களிமண் பரப்பி மூடினர். அன்றைய சட்டப்படி இதில் குற்றம் ஏதுமில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

1953இல் அந்நிலம் நகரின் கல்வி வாரியத்திற்குக் கைமாறியது. கிரயத் தொகை ஒரே ஒரு டாலர். நிலத்துள் வேதிக்கழிவுகள் புதைந்திருப்பதையும், அவற்றால் எவருக்கேனும் தீங்கு நேர்ந்தால் விற்றவர் பொறுப்பாகார் என்பதையும் பத்திரமே கூறிற்று. குழந்தைகள் படிக்கும் பள்ளிக்காக வாங்கப்படும் நிலத்தின் பத்திரத்தில் இப்படியொரு வாசகம் இருந்தும், வாங்கியவர்கள் தயங்கவில்லை. மக்கள்தொகை பெருகிக்கொண்டிருந்தது; வகுப்பறைகள் போதவில்லை; மலிவாக நிலம் கிடைத்தது. கட்டடத்திற்காகத் தோண்டியபோதே கழிவுக்குழிகள் தட்டுப்பட்டன. பள்ளியையே கைவிடுவதற்குப் பதிலாகக் கட்டடத்தின் இடத்தைச் சற்றுத் தள்ளி அமைத்தனர். 1955இல் பள்ளி திறக்கப்பட்டது.

பின்னர் நேர்ந்த தீங்கின் பழியை முழுவதும் ஒருவர் தலையில் ஏற்றிவிட முடியாது. வாரியம் நிலத்தின் ஒரு பகுதியை விற்க முனைந்தபோது, அங்குத் தோண்டுவது ஆபத்து என்று நிறுவனத்தின் சார்பில் எச்சரிக்கப்பட்டது. ஆனால், எச்சரித்த நிறுவனம்தான் அந்நஞ்சைப் புதைத்தது. ஒரு டாலருக்குக் கைகழுவியதும் அதுவே. 1957இல் நகராட்சி சாக்கடைக் குழாய்களைப் பதிப்பதற்காகக் கால்வாயின் களிமண் சுவரை உடைத்தது. கழிவை மூடியிருந்த மண்ணின் ஒரு பகுதி, வேறிடங்களை மேடாக்குவதற்காக எடுத்துச் செல்லப்பட்டது. கால்வாயை ஒட்டி வரிசையாக வீடுகள் எழுந்தன. அவற்றை வாங்கிய தொழிலாளர் குடும்பங்களுக்கு அருகில் என்ன புதைந்திருக்கிறது என்பதை எவரும் சொல்லவில்லை.

நஞ்சு எவ்வாறு வெளியேறியது என்பதை அறிய அந்நிலத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். அங்கு மேற்பரப்பில் நீர் எளிதில் ஊடுருவும் வண்டல்மணல் படுகை. அதன்கீழ் நீரை எளிதில் விடாத களிமண் படுகை. கால்வாய் களிமண்ணுக்குள் வெட்டப்பட்டிருந்தது. ஆகவே, கீழ்நோக்கிக் கசிய வழியில்லை என்று கருதியே அவ்விடம் கழிவைப் புதைக்க ஏற்றதெனக் கொள்ளப்பட்டது. அக்கருத்து பாதி உண்மை. மேல்மூடி சிதைந்த பின் மழைநீரும் பனியுருகிய நீரும் உள்ளே இறங்கின; இறங்கிய நீர் வெளியேற வழியில்லை. கலிங்கு இல்லாத ஏரியில் வெள்ளம் புகுந்தால் அது கரைக்கு மேலே வழிவது போல, நஞ்சு கரைந்த நீர் குழியின் விளிம்புவரை உயர்ந்து, மேலிருந்த மணற்படுகை வழியே பக்கவாட்டில் பரவியது. குடியிருப்பு தோன்றுவதற்கு முன் அங்கு ஓடிய பழைய ஓடைத்தடங்கள் தூர்க்கப்பட்டிருந்தன. கண்ணுக்கு அவை மறைந்துவிட்டாலும் நீருக்கு அவற்றின் வழி மறக்கவில்லை. குழாய்ப் பள்ளங்களும் அந்நீருக்கு வழிவிட்டன.

1970களின் நடுவில் மழையும் பனியும் மிகுந்த ஆண்டுகள் வந்தன. அப்பகுதி வீடுகளுக்குத் தரைமட்டத்தின்கீழ் நிலவறை உண்டு. நிலவறைச் சுவர்களில் கரிய எண்ணெய்ப் பசை கசிந்தது. வீட்டுத் தோட்டங்களில் துருப்பிடித்த பீப்பாய்கள் தலைநீட்டின. மூக்கைத் துளைக்கும் நாற்றம் வீடுகளில் நிலைத்தது. 1976இல் அந்நகரின் நாளிதழ் செய்தியாளர்கள் நிலவறை நீரை ஆய்வுக்கு அனுப்பி, அதில் நச்சு வேதிப்பொருள்கள் கலந்திருப்பதை வெளிப்படுத்தினர்.

லாயிஸ் கிப்ஸ் அப்பகுதியில் வாழ்ந்த இல்லத்தரசி. அவருடைய மகன் அந்தப் பள்ளியில் சேர்ந்த பின் அடிக்கடி நோயுற்றான். நாளிதழில் வந்த கட்டுரைகளைப் படித்த அவர், மகனை வேறு பள்ளிக்கு மாற்றுமாறு கேட்டார், வாரியம் மறுத்தது. அதன்பின், மனுத்தாளைக் கையிலேந்தி ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டினார். கையொப்பம் கேட்கச் சென்ற இடமெல்லாம் நோய்க் கதைகளைக் கேட்டார். கருச்சிதைவு, பிறவிக் குறைபாடு, சிறுநீரக நோய், வலிப்பு என ஒவ்வொரு வீட்டிலும் ஏதோவொன்று. இவற்றைத் தெருவரைபடத்தில் குறித்தபோது, நோய்கள் கால்வாயை ஒட்டி மட்டுமன்றித் தூர்ந்துபோன பழைய ஓடைத்தடங்களின் மேலும் திரண்டு நிற்பது போலத் தோன்றியது. பஃபலோ நகரிலிருந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர் பெவர்லி பெய்கன் அத்தரவுகளை ஆராய்ந்து அவர்களுக்குத் துணைநின்றார். அதிகாரிகளோ, இல்லத்தரசிகள் தொலைபேசியில் விசாரித்துத் திரட்டிய கணக்கு இது என்று ஒதுக்கினர். அக்கணக்கெடுப்பு ஆய்வுநெறிப்படி நடந்ததன்று என்பதும், நோய்களின் அளவு குறித்து வல்லுநரிடையே பின்னரும் கருத்து வேறுபாடு நீடித்தது என்பதும் உண்மையே. ஆயினும், நிலத்தடியில் நீர் எவ்வழியே ஓடுகிறது என்ற கேள்வியை எழுப்பியவர்கள் அங்கு வாழ்ந்தவர்களே.

1978 ஆகஸ்டு 2ஆம் நாள் மாநில நலவாழ்வு ஆணையர் நெருக்கடி நிலையை அறிவித்தார். பள்ளியை மூட வேண்டும் என்றும், கருவுற்ற பெண்களும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வெளியேற வேண்டும் என்றும் அவ்வறிவிப்பு கூறியது. இரண்டு வயது இரண்டு மாதம் ஆன குழந்தை மட்டும் அங்கிருக்கலாமா என்று தாய்மார்கள் சீறியெழுந்ததில் வியப்பில்லை. ஐந்து நாள்களுக்குப் பின் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் நடுவணரசின் உதவியை அறிவித்தார். கால்வாய்க்கு அடுத்திருந்த இரண்டு வரிசைகளைச் சேர்ந்த 239 குடும்பங்கள் வேறிடங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. அவ்வீடுகளைச் சுற்றி வேலி போடப்பட்டது. வேலிக்கு வெளியே இருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள், கம்பிவேலிக்கு இப்புறம் மட்டும் நிலம் எப்படி நல்ல நிலமாகும் என்று கேட்டன. 1980 மே மாதம் பொறுமையிழந்த மக்கள், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அதிகாரிகள் இருவரைத் தங்கள் சங்க அலுவலகத்தில் சில மணி நேரம் தடுத்துவைத்தனர். இரண்டு நாள்களில் இரண்டாவது நெருக்கடி அறிவிப்பு வந்தது; அவர்களும் வெளியேற வழி பிறந்தது.

இனி, நஞ்சை என்ன செய்வது? முழுவதையும் தோண்டியெடுத்துவிடலாமே என்பதுதான் எவர்க்கும் முதலில் தோன்றும் விடை. ஆனால், அழுகிய பீப்பாய்களைத் தோண்டும்போது எழும் ஆவி, மண்ணுக்குள் இருந்ததைக் காற்றில் கலந்துவிடும். தோண்டிய கழிவை எங்கேனும் கொண்டுசென்றே தீரவேண்டும். செல்லும் வழியிலும் ஊர்கள் உண்டு, சேரும் இடத்திலும் மக்கள் உண்டு. எனவே, கழிவை இருந்த இடத்திலேயே சிறைப்படுத்துவது என முடிவாயிற்று. இதைத் தூய்மைப்படுத்தல் என்று சொல்வதைவிடக் காவல் வைத்தல் என்பதே பொருந்தும்.

முதற்பணியாகக் கால்வாயைச் சுற்றி ஆழமான அகழி வெட்டி, துளையுள்ள வடிகுழாய்களைப் பதித்துச் சரளைக்கல்லால் நிரப்பினர். வெளியே பரவ முயலும் கசிவுநீர் இவ்வடிகாலில் விழுந்து தொட்டிகளில் சேர்கிறது. அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்திற்கு ஏற்றப்பட்டு, எண்ணெய்ப் பொருள்களும் சேறும் பிரிக்கப்பட்ட பின், கிளர்வூட்டப்பட்ட கரி நிரம்பிய கலங்களின் வழியே செலுத்தப்படுகிறது. ஒரு கரித்துண்டின் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் உண்டு; அவற்றின் பரப்பில் கரிம நச்சுப்பொருள்கள் ஒட்டிக்கொள்ள, தெளிந்த நீர் நகரின் கழிவுநீர்க் குழாயில் விடப்படுகிறது. ஏரிக்குக் கலிங்கு அமைத்தாயிற்று. அடுத்து, மேலிருந்து நீர் இறங்காமல் தடுக்க வேண்டும். முதலில் களிமண் மூடி இடப்பட்டது; பின்னர் 1984இல் செயற்கை இழைமத் தாளும் மண்ணும் கொண்டு 40 ஏக்கர் அளவில் மூடி விரிவாக்கப்பட்டது. கழிவு கிடந்த பரப்பு 16 ஏக்கரே. அதனைக் காக்க அதைப்போல் இரு மடங்குக்கு மேல் நிலம் மூட வேண்டியதாயிற்று. இடிக்கப்பட்ட வீடுகளின் இடங்களும் பள்ளி நின்ற இடமும் வேலிக்குள் அடங்கின.

காவலை மீறி முன்பே தப்பியவற்றையும் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. டையாக்சின் நீரில் எளிதில் கரையாது. வண்டல் துகள்களைப் பற்றிக்கொண்டு நகரும். சாக்கடைக் குழாய்கள் வழியே அது பிளாக், பெர்க்ஹோல்ட்ஸ் ஆகிய ஓடைகளைச் சேர்ந்திருந்தது. 1980களின் பிற்பகுதியில் குழாய்கள் கழுவப்பட்டன. ஓடைகளின் அடிவண்டல் வாரியெடுக்கப்பட்டது. எடுத்த வண்டலை எங்கு அழிப்பது என்ற கேள்விக்கு விடைகாணவே மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இதற்கெல்லாம் பணம்? 1980 டிசம்பரில் 'சூப்பர் ஃபண்ட்' எனப்படும் சட்டம் நிறைவேறியது. கைவிடப்பட்ட நச்சுக்கிடங்குகளைச் சீர்செய்ய வேதித்தொழில், எண்ணெய்த்தொழில் நிறுவனங்களிடம் வரி பெற்று நிதியம் அமைக்கவும், மாசுபடுத்தியவரிடமிருந்தே செலவை மீட்கவும் அச்சட்டம் வழிசெய்தது. கொட்டிய காலத்தில் சட்டம் தடுக்கவில்லை என்ற வாதம் இதன்முன் செல்லவில்லை. ஹூக்கர் நிறுவனத்தை வாங்கியிருந்த ஆக்சிடென்டல் நிறுவனம், நீண்ட வழக்குகளுக்குப் பின் 1994இல் மாநில அரசுக்கு 9.8 கோடி டாலரும், 1995இல் நடுவணரசுக்கு 12.9 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டது. ஒரு டாலருக்கு விற்ற நிலம்!

1988இல் அப்பகுதி மீண்டும் குடியேறத் தக்கதா என்று ஆராயப்பட்டது. எவ்வளவு நஞ்சு இருந்தால் ஆபத்தில்லை என்பதற்கு உறுதியான அளவுகோல் இல்லாமையால், அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். 'தக்கது' என்ற சொல்லுக்கு அங்குப் பொருள், பிற இடங்களைவிட மோசமில்லை என்பதே. கால்வாய்க்குக் கிழக்கே இருந்த பகுதி வாழ்வதற்கு ஏற்றதன்று எனவும், வடக்கும் மேற்கும் ஏற்றவை எனவும் முடிவாயின. வீடுகள் பழுதுபார்க்கப்பட்டு, 'பிளாக் கிரீக் கிராமம்' என்னும் புதுப்பெயரில் விற்கப்பட்டன. 2004 செப்டம்பரில் அவ்விடம் தேசிய முன்னுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

பட்டியலிலிருந்து பெயர் நீங்கியதே தவிர, கழிவு நீங்கவில்லை. புதைத்த அனைத்தும் பெரும்பாலும் அங்கேயே கிடக்கின்றன. எக்கிகள் கசிவுநீரை இறைத்த வண்ணம் உள்ளன. சுற்றிலும் அமைந்த கண்காணிப்புக் கிணறுகளின் நீர் ஆண்டுதோறும் ஆராயப்படுகிறது. 2011இல் அருகிலுள்ள சாலையொன்றில் சாக்கடைக் குழாயைப் பழுதுபார்த்தபோது வேதிப்பொருள்கள் வெளிப்பட்டன. புதிதாகக் குடியேறியவர்கள் நீதிமன்றம் சென்றனர். வேலிக்குள் புல் அடர்ந்த மேடொன்று காணப்படுகிறது. மழை பெய்தால் நீர் அதன்மேல் வழிந்து ஓடுகிறது, உள்ளே இறங்குவதில்லை.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் குப்பை கொட்டப்படும் இடம் முன்னர் என்னவாக இருந்தது என்பதை முதியோரிடம் கேட்டறிந்து, அவ்விடத்தின் நீரோட்டத் திசையுடன் வரைபடமாக வரைக.

2. 'நஞ்சைத் தோண்டியெடுத்தல் – நஞ்சை இருந்த இடத்திலேயே காத்தல்' என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.