முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணு

அன்புள்ள மகளே,

உன் கடிதமும் கூட வைத்திருந்த பட்டியலும் கிடைத்தன. அம்பாசமுத்திரம் பக்கத்தில், மண்டபம் பிடிக்காமல் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு நடக்கிற கல்யாணம். அலங்காரமும் கைவேலையும் முழுக்க உன் பொறுப்பு. காசு வாங்கிக்கொண்டு நீ செய்யப்போகிற முதல் கல்யாண வேலை வேறு. ரொம்ப சந்தோஷம். பட்டியலை நிதானமாகப் படித்தேன். குருத்தோலைத் தோரணம், மாவிலை, மாக்கோலம், ஆரத்தித் தட்டு, தாம்பூலப் பெட்டி, பெயர் நெய்த பாய், மாலை, தெர்மோகோல் எழுத்து என்று எல்லாவற்றையும் அழகாக எழுதி, எதற்கு எவ்வளவு செலவு என்றும் போட்டிருக்கிறாய். எதை எப்போது செய்வது என்பதை மட்டும் விட்டுவிட்டாய்.

வீட்டுக் கல்யாணத்துக் கைவேலையில் பாதி அந்தக் கணக்குதான். செய்யத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. எந்தப் பொருள் எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்து செய்கிறவர்கள் குறைவு. ஒரு தாள் எடுத்து, தாலி கட்டுகிற நேரத்தை அடியில் எழுது. அங்கிருந்து மேலே ஏறு. சீக்கிரம் வாடுகிறது கீழே, தாங்குகிறது மேலே. உன் கல்யாணம் வைகாசியில், கத்திரி வெயில் விட்டும் விடாத நேரம். இலையும் பூவும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தொய்ந்துவிடும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடு.

தாளின் உச்சியில் பாய். பத்தமடை உனக்குப் பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். தாமிரபரணிக் கரையில் விளைகிற கோரையைச் சன்னமாகக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, சாயம் ஏற்றி நெய்கிறார்கள். நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவார்கள். நெசவு சன்னமாக ஆக ஆக நாளும் கூடும், அதனால் உன் பட்டியலில் முதலில் சொல்லியாக வேண்டியது இதுதான். பெயரை வாயால் சொல்லிவிட்டு வராதே. பத்திரிகையில் ஒரு மாதிரி, பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாட்டி கூப்பிடுவது ஒரு மாதிரி என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் இருக்கும். இரண்டு வீட்டாரையும் கேட்டு, ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, அவர்கள் கையெழுத்தோடு கொண்டுபோய்க் கொடு. ‘ப்’ விட்டுப்போனால் பிறகு சேர்க்க வழியில்லை.

பாயில் பெயர் வந்துவிட்டால் மேடையில் தெர்மோகோல் எழுத்து எதற்கு? அந்த வரியை அடித்துவிடு.

தாம்பூலத்துக்குப் பனையோலைப் பெட்டி என்று எழுதியிருப்பது எனக்குப் பிடித்தது. செட்டிநாட்டுக் கல்யாணங்களில் கொட்டான் என்கிற ஓலைப்பெட்டிக்கு ஒரு தனி மரியாதை. ஆச்சிமார் தாங்களே முடைந்த காலம் போய், அந்த வேலை மறைகிற நிலைக்கு வந்தபோது, விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து அதை மீட்டது. இப்போது செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. உனக்குக் காரைக்குடி வரை போகவேண்டியதில்லை, மணப்பாட்டில் ஓலைவேலை செய்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் 300 பெட்டியையும் நீயே முடைந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாயே, அது வேண்டாம். விரல் வீங்கிப்போய், கடைசி நூறு பெட்டி கோணல்மாணலாக வரும். மணவறைக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் கொஞ்சம் நீ முடை, மீதிக்கு மணப்பாட்டில் சொல்லிவிடு. ஓலையை ஈரப்படுத்தித்தான் முடைய முடியும். முடைந்ததை நிழலில் நன்றாகக் காயவைத்த பிறகு அடுக்கு. ஈரத்தோடு அடுக்கினால், நீ கல்யாணத்தன்று காலையில் திறக்கும்போது பூஞ்சை வாடைதான் முதலில் வரும்.

பெட்டி போதாமல் போனால் பை வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கடையில் துணி மாதிரியே இருக்கும் ஒரு பை மலிவாகக் கிடைக்கிறது. அது துணியில்லை, பாலிபுரோப்பிலீன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையிலிருக்கிற பொருள்களில் அதுவும் ஒன்று. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளிப் பற்றவைத்துப் பார். பருத்தி சாம்பலாகும், இது உருகிச் சொட்டும்.

இனி தோரணம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உன் பட்டியலில் இதற்குத்தான் ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறாய்.

குருத்து கடையில் வாங்குகிற சாமான் இல்லை. ஒரு தென்னை வருஷத்துக்கு 12 முதல் 14 ஓலை வரை விடும், அதாவது மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள். ஒவ்வொரு ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை வரவேண்டும். விரியாத குருத்தை நீ உருவினால், மரத்துக்காரருக்குப் பின்னால் வரவேண்டிய காயில் அடி விழலாம். வெட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போய் வளர்முனையில் பட்டுவிட்டால் மரமே போய்விடும், தென்னைக்குப் பக்கக்கிளை கிடையாது. அதனால் வயசாகிப்போய், வெட்டுவதாக முடிவுசெய்த மரம் எந்தத் தோப்பில் நிற்கிறது என்று இப்போதே விசாரித்து வை. மரம் வெட்டுகிற தேதியைக் கல்யாணத்துக்கு முந்தைய நாளாக மாற்றிக் கொடுக்கும்படி கேள். கல்யாணத்துக்கு என்றால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. மரம் ஏறுகிறவருக்கு வேட்டி துண்டும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடு, அதையும் செலவுக் கணக்கில் எழுது.

இறக்கிய குருத்து வெளிர் மஞ்சளாக, தொட்டால் சில்லென்று இருக்கும். அதன் அழகெல்லாம் அந்த ஈரத்தில்தான். மட்டையிலிருந்து இதழைப் பிரித்து ஈர்க்கை உருவிய உடனே காய ஆரம்பித்துவிடும். ஆகவே வேலை தொடங்குகிற வரை ஈர்க்கைத் தொடாதே. மட்டையோடு நனைந்த சாக்கில் சுற்றி, வெயில் படாத பக்கம் கிடத்து. முந்தைய நாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, கிழிக்கக் கிழிக்க மடி, மடிக்க மடிக்கக் கயிற்றில் கோர்த்து மறுபடி ஈரத்துணிக்குள் போடு. பந்தலில் ஏற்றுவது இரவு பத்து மணிக்கு மேல். மத்தியானமே கட்டி முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களின் தோரணம், மறுநாள் போட்டோவில் நுனி சுருண்டு பழுப்பாகத் தெரியும்.

இன்னொன்று. குருவி மடிப்பில் நல்ல காரியத்துக்கு ஒரு கணக்கு, துக்கத்துக்கு ஒரு கணக்கு. தலை மேலே பார்த்து நாலு குருவி மங்கலத்துக்கு, தலை கீழே பார்த்து மூன்று குருவி துக்க வீட்டுக்கு என்பது பல இடங்களில் இருக்கிற வழக்கம். வீடியோ பார்த்து மடிக்கக் கற்றுக்கொண்டதாக எழுதியிருந்தாய். மடிப்பு வந்துவிடும், சரி. அது எந்த வீட்டுக்கான தோரணம் என்று வீடியோவில் யாரும் சொல்வதில்லை. அந்தத் தெருவில் தோரணம் கட்டுகிற பெரியவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். தாத்தா, முதல் குருவியை நீங்க மடிச்சுக் கொடுங்க என்று கேள். அதைப் பார்த்து மீதியை நீ மடி. அவருக்கும் பெருமை, உனக்கும் வம்பில்லை.

மாவிலைக்கு இவ்வளவு பாடு இல்லை. முற்றிய இலையாகப் பறி, கொழுந்து ஒரு மணி நேரத்தில் தொங்கிவிடும். தென்னை ஈர்க்கே அதைக் குத்தக் குச்சியாகும். இரண்டு நாள் முன்பே கட்டினாலும் தாங்கும்.

கோலம் உனக்கு நன்றாக வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கோலப்பொடியில் போட்டுப் பழகின கைக்கு மாக்கோலம் முதலில் ஏமாற்றம் தரும். பச்சரிசியை ஊறவைத்து மைய அரைத்து, நீர்க்கக் கரைத்து, சின்னத் துணியை அதில் முக்கி விரல்களுக்குள் பிடித்துப் பிழிந்தால், மோதிர விரல் வழியாக மாவு இறங்கும். அந்த விரல்தான் எழுதுகோல். போடும்போது கோடு தெரியவே தெரியாது, தண்ணீர் சிந்தினதுபோல் தரை நனைந்திருக்கும், அவ்வளவுதான். பயந்து மேலே இன்னொரு தடவை இழுக்காதே. காயக் காயத்தான் வெளுத்து எழும்பும். இழுத்தாயானால் காய்ந்த பிறகு அந்த இடம் மட்டும் தடித்து, வெடித்து உதிரும். காவியை வெள்ளை முழுக்கக் காய்ந்த பிறகே தீட்டு, இல்லாவிட்டால் ஓரமெல்லாம் கலங்கி ரோஸ் நிறமாகிவிடும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அதனால் படிக்கோலம் முந்தின நாள் ராத்திரி, எல்லாரும் சாப்பிட்டு முடித்து நடமாட்டம் குறைந்த பிறகு. வீட்டுக்குள் என்ன தரை என்று எழுதவில்லையே? சிமெண்டுத் தரை மாவைப் பிடித்துக்கொள்ளும். வழுவழுப்பான டைல்ஸ் பிடிக்காது, பட்டுப்புடவைக் கரை பட்டாலே பொடிப்பொடியாய் வரும். ஒரு மூலையில் முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிடு. ஒட்டவில்லையென்றால் பெரிய கோலத்தை வாசலுக்குக் கொண்டுபோ. மாவில் பசை கலக்கச் சொல்வார்கள், எனக்குச் சம்மதமில்லை. எறும்புக்கும் அதில் பங்கு உண்டு.

மாலையை நீ கட்டவேண்டாம். இதில் பிடிவாதம் பிடிக்காதே. வைகாசியில் மல்லிகைக்குப் பஞ்சமில்லை, ஆனால் முகூர்த்த நாளில் விலை ஏறும். மொட்டைப் பார்த்து வாங்கி, நாரைப் பதமாக நனைத்து, தாலி கட்டுகிற நேரத்துக்கு மலர்கிற மாதிரி கட்டுவது தனித் தொழில். தோவாளையில் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்கிறார்கள். அரளியும் நொச்சி இலையும் வைத்து அவர்கள் கட்டுகிற மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேண்டுமானால் கல்யாணம் முடிந்து ஒருநாள் விடியற்காலையில் தோவாளைப் பூச்சந்தைக்குப் போய்வா, பார்ப்பதற்காக மட்டும்.

ஆரத்தித் தட்டுகளையும் விட்டுவிடு, வேறு காரணத்துக்காக. அந்த வீட்டில் சித்தி, மதினி, பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்கள் என்று கை நிறைய இருக்கும். அவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் எல்லாவற்றையும் நீயே செய்து முடித்தால் அது மண்டபத்துக் கல்யாணமாகிவிடும். ஜமிக்கி, கலர், கோந்து வாங்கிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நில். தட்டு கோணலாக வந்தால் வரட்டும், திருத்தப் போகாதே. பாலிகை தெளிக்கிற வழக்கம் இருந்தால் மண்கலயத்தைக் கொண்டுபோய் வைப்பதோடு உன் வேலை முடிந்தது. தானியம் எத்தனை, எந்த நாள், யார் கை என்பது அவர்கள் வீட்டுப் பெரியவர்களின் விஷயம்.

கடைசியாகக் கூலி. பொருள் செலவுக்கு மேல் ‘உங்க இஷ்டம், பார்த்துக் குடுங்க’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். சொந்தக்காரர் அல்லாதவர் வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது. சமையல்காரரும் பந்தல்காரரும் நாதஸ்வரக்காரரும் தொகை பேசித்தான் வருகிறார்கள். நீயும் பேசு. பொருள் தனி, வேலை நாள் தனி, ராத்திரி வேலை தனி என்று எழுதிக் கொடு. பந்தல் பிரிக்கிற அன்று தோரணத்தை இறக்கிச் சுத்தம் செய்ய ஒரு ஆள் வேண்டும், அந்தக் கூலியையும் இப்போதே சேர்த்துவிடு, பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள். பாய்க்கும் பெட்டிக்கும் முழுப்பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொள். பணம் கைக்கு வராமல் பத்தமடைக்குப் பஸ் ஏறாதே.

அன்புடன்,
பெரியம்மா