முறுக்கு அச்சில் ஒரு விருந்துக் கறி

மனையியல் வகுப்பில் இவ்வாண்டு நாங்கள் இரண்டு தடவை படித்த பாடம் ஒன்று உண்டு. முதல் தடவை கிழங்கு பாழாயிற்று. இரண்டாம் தடவைதான் பாடம் விளங்கிற்று. அச்சன்புதூரில் வேறு எந்தத் தோழியின் வீட்டிலும் இரண்டு கிலோ உருளைக்கிழங்கு பசையாகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

அவித்து மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெயும் முட்டைக் கருவும் சேர்த்து, பூப்போலச் சுருள் சுருளாகப் பிழிந்து, மேல்முகடு சிவக்கச் சுட்டெடுக்கும் பக்கக் கறி அது. பிரெஞ்சு நாட்டார் சமையலில் வந்தது. ‘டச்சஸ் உருளைக்கிழங்கு’ என்பது அதன் பெயர். டச்சஸ் என்றால் கோமகள் என்று பொருள். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே வெண்ணெய் போன்ற மென்மையும் இருந்தால் அது தேர்ந்த கை. பிழிந்த வரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிய வேண்டும் என்பது அதன் இலக்கணம்.

பெற்றோர் தினத்தன்று எங்கள் மேசையில் இதை வைப்பது என்று முடிவு செய்தோம். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் கிழங்கு வாங்கினோம். ஒத்திகைக்காக இரண்டு கிலோவை அவித்து, வேலை விரைவில் முடியட்டும் என்று மிக்ஸியில் போட்டு அடித்தோம். அரை நிமிடந்தான் ஓடியிருக்கும். திறந்து பார்த்தால் கிழங்கைக் காணோம். கரண்டியைத் தூக்கினால் கூடவே எழும்பி வரும் சாம்பல் நிறப் பசைதான் இருந்தது. பால் விட்டோம், இளகியது. மாவு போட்டோம், இன்னும் ஒட்டியது. விழாவுக்கு இரண்டே நாள். பெற்றோர்களிடம் வேறு பெருமையாகச் சொல்லி வைத்திருந்தோம். பசையில் அரிசி மாவும் வெங்காயமும் கலந்து போண்டாவாகப் பொரித்து விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். நல்லவேளை, அவர்கள் பசியோடு இருந்தார்கள்.

அன்று மாலை இந்தக் கதையைத் தன் வீட்டில் சொன்னாள் எங்களுள் ஒருத்தி. அவளுடைய ஆச்சி கேட்ட கேள்வி இது: “ஏ பிள்ளைகளா, இடியாப்பத்துக்குப் பிசைஞ்ச மாவை யாராவது மிக்ஸியில அடிப்பாகளா? அவிச்ச கிழங்கைச் சுடச்சுட அச்சுல போட்டுப் புழிஞ்சா என்ன?” ஆச்சி டச்சஸைக் கண்டதில்லை. ஆனால் மேல்நாட்டுச் சமையற்கூடங்களில் இதற்கென்றே விற்கும் கருவி என்ன செய்கிறதோ, அதையே அவர்கள் சொல்லிவிட்டார்கள். சிறு துளைகள் வழியே கிழங்கை ஒரே தடவை அழுத்தித் தள்ளுவதுதான் அந்தக் கருவியின் வேலை. நம் வீட்டு இடியாப்ப அச்சும் அதைத்தானே செய்கிறது?

மிக்ஸி ஏன் கெடுத்தது என்பதை நாம் அறிந்துகொண்டால் பாதிச் சமையல் முடிந்தது. உருளைக்கிழங்கு என்பது மிக நுண்ணிய அறைகள் அடுக்கிய வீடு. ஒவ்வோர் அறைக்குள்ளும் மாவுச்சத்து மணிமணியாக இருக்கிறது. வேகும்போது, சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், அந்த மணிகள் நீரை உறிஞ்சி ஊதிக் கூழாகின்றன. அறைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளும் இளகுகிறது. இந்த நிலையில் மெதுவாக அழுத்தினால் அறைகள் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். அதுதான் பொலபொலவென்ற நல்ல மசியல். மிக்ஸியின் கத்தியோ அறைகளையே கிழித்துவிடுகிறது. உள்ளிருக்கும் கூழ் வெளியே கொட்டுகிறது. சீருடைக்கு நாம் போடும் கஞ்சியும் இதே சங்கதிதான். கஞ்சியைத் தட்டில் வைத்து விருந்தினருக்குக் கொடுக்க முடியுமா? ஆறிய கிழங்கை மசித்தாலும் தொல்லை. இளகிய பெக்டின் ஆறினதும் மறுபடி இறுகுவதால், அறைகள் பிரிவதற்குப் பதில் உடைகின்றன. ஆச்சி சொன்ன ‘சுடச்சுட’ என்ற சொல்லில் இவ்வளவு அடங்கியிருக்கிறது.

புளிக் குழம்பில் நேரே போட்ட உருளைக்கிழங்கு எளிதில் வேகாததை அம்மாமார் எல்லாரும் அறிவார்கள். புளிப்பு அந்தப் பெக்டினை இளகவிடாமல் பிடித்துக்கொள்வதே காரணம். இந்தக் கறிக்கு அது வேண்டியதில்லை என்றாலும், படித்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்ததால் சொல்லி வைக்கிறோம்.

இனி, எந்தக் கிழங்கு? நம் பக்கத்து வயல்களில் நெல்லைப் பார்க்கலாம். உருளைக்கிழங்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும். தென்னமெரிக்காவில் பெரு நாட்டு ஆண்டிஸ் மலைகளில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிரான கிழங்கு அது. அங்குள்ளோர் இரவுப் பனியில் அதை உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்து வற்றலாகச் சேமித்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. பிரான்சில் நெடுங்காலம் மாட்டுத் தீவனமாகவே அதை எண்ணினார்கள். ஏழாண்டுப் போரில் பிரஷ்யரிடம் சிறைப்பட்டு, உருளைக்கிழங்கு தின்றே உயிர் தரித்த பார்மாந்தியே என்ற மருந்தாளர் ஊர் திரும்பி அதற்காக வாதாடினார். 1772இல் பாரிஸ் மருத்துவப் புலவர்கள் இது உண்ணத்தக்கதே என்று ஒப்புக்கொண்டார்கள். நம் பக்கத்திலும் இப்படி ஒரு கிழங்குக் கதை உண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிக் கிழங்கைப் பயிரிட மக்களை ஊக்குவித்தார். நமக்கு அடுத்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை அந்தத் திருவிதாங்கூர்ப் பக்கமே இருந்தது. ‘மரச்சீனியில் இந்தக் கறியைச் செய்தால் என்ன?’ என்று ஒரு தோழி கேட்டாள். அதன் மாவு கம்பி கம்பியாக இழுபடும்; வரி நிற்காது. அது மீன் குழம்போடு இருப்பதே அதற்கு அழகு.

தமிழ்நாட்டு உருளைக்கிழங்கு என்றால் நீலகிரிதான். கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில், 1820களில், அங்கு மேல்நாட்டுக் காய்கறிகள் வேரூன்றின. 1957இல் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்று உதகையை அடுத்த முத்தோரையில் ஏற்பட்டது. 1961இல் வேரைத் தாக்கும் ஒரு நூற்புழு நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டு உழவர்களை வாட்டிற்று. அதை எதிர்த்து நிற்கும் ‘குப்ரி ஸ்வர்ணா’ என்ற வகை 1985இல் வெளியாயிற்று. ஊட்டிக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டி வழியாகப் பல ஊர்களுக்கும் போகிறது. நம் கடைகளில் அதோடு வடநாட்டுக் கிழங்கும் கிடக்கிறது.

பெயர் எதுவானாலும் நமக்கு வேண்டியது நீர் குறைந்து மாவு மிகுந்த முற்றிய கிழங்கு. அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஒரு தம்ளர் உப்புக்குப் பதினொரு தம்ளர் தண்ணீர் என்று கரைத்துக் கிழங்கை உள்ளே விட வேண்டும். மாவுக் கிழங்கு மூழ்கும். நீர்க் கிழங்கு மிதக்கும். மிதப்பதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். அது உடையாமல் துண்டு துண்டாக நிற்கும். எங்கள் கூடையில் மூன்றில் ஒரு பங்கு மிதந்தது. முதல் தடவை இதையும் நாங்கள் பார்க்கவில்லை!

பச்சை படர்ந்த கிழங்கை வாங்க வேண்டாம். அதில் சொலனின் என்ற நச்சுப் பொருள் சேர்ந்திருக்கும், அவித்தாலும் போகாது. முளை விட்டிருந்தால் கண்ணோடு தோண்டி எறிய வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைப்பதும் தவறு. குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, கிழங்கு இனித்து, சுடும்போது கறுத்துவிடும். காற்றோட்டமான இருட்டு மூலையே அதற்கு இடம்.

அரை கிலோ கிழங்குக்கு முப்பது கிராம் வெண்ணெய், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி சூடான பால், உப்பு, வெள்ளை மிளகுத்தூள், சிட்டிகை சாதிக்காய்ப் பொடி போதும். கறுப்பு மிளகானால் புள்ளி தெரியும், சுவைக்குக் குறைவில்லை. சாதிக்காய்க்கு நாம் தொலைவு போக வேண்டாம். குற்றால மலையில் கிழக்கிந்தியக் கம்பெனி நாளிலேயே சாதிக்காயும் கிராம்பும் பயிர் செய்தார்கள். ஆனால் சிட்டிகைக்கு மேல் போட்டால் மருந்து வாடை வரும்.

கிழங்கைத் தோலோடு முழுதாகக் குளிர்ந்த நீரில் இட்டு அடுப்பில் வைத்து, நிதானமான தீயில் வேகவிட வேண்டும். நடுத்தரக் கிழங்குக்கு அரை மணிக்கு மேல் ஆகும். கொதிநீரில் போட்டால் வெளிப்புறம் கரைந்தும் நடுப்புறம் வேகாமலும் போகும். இட்லிக் கொப்பரையில் ஆவியில் வேகவைப்பது அதைவிடச் சிறந்தது. கிழங்கு நீர் கோப்பதில்லை, வைட்டமின் ‘சி’யும் அதிகம் கரைவதில்லை. நூறு கிராம் பச்சைக் கிழங்கில் அந்தச் சத்து ஏறக்குறைய பதினேழு மில்லிகிராம் இருக்கிறது. உருளைக்கிழங்கில் ஒன்றுமே இல்லை என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். சர்க்கரை நோய் உள்ள அப்பாக்களுக்கு ஒரு பூவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதும் நம் கடமையே.

வெந்ததும் கையில் துணி சுற்றிக்கொண்டு தோலுரித்து, இடியாப்ப வில்லை போட்ட அச்சில் உடனே பிழிய வேண்டும். கிழங்கு நூல் நூலாக விழும். அதை உலர்ந்த வாணலியில் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் மெல்லப் புரட்ட வேண்டும். அடியில் வெள்ளைப் படலம் ஒட்டத் தொடங்கினால் மிச்ச ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். இந்தப் படியைத் தாண்டிச் சென்றவர்களின் பூக்களெல்லாம் பிழிந்த ஐந்தாம் நிமிடம் சரிந்தன. எங்களில் இருவருக்கு இது நேர்ந்தது. பின்பு அடுப்பிலிருந்து இறக்கி, முதலில் வெண்ணெய், பிறகு பால் என்று மரக்கரண்டியால் கலக்க வேண்டும். வெண்ணெய் முந்திப் போனால் மாவைப் போர்த்திக்கொள்ளும். பிறகு பால் சேரும்போது கஞ்சியாவது குறையும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே முட்டைக் கரு. அவசரப்பட்டால் அது வெந்து துணுக்குத் துணுக்காகிவிடும். கருதான் அடுப்புச் சூட்டில் இறுகி வரிகளை நிறுத்துகிறது. முட்டை சேர்க்காத வீடுகளில் பாலை விட்டுவிட்டு இரண்டு தேக்கரண்டி சோளமாவு சேர்க்கலாம். உருவம் நிற்கும், ஆனால் அவ்வளவு கூர்மை இராது.

இப்போது அச்சில் வில்லையை மாற்ற வேண்டும். முள்ளு முறுக்குக்குப் போடும் ஒற்றை நட்சத்திர வில்லைதான் நமக்கு வேண்டியது. நெய் தடவிய தட்டில் ஒன்றரை அங்குல வட்டமாகத் தொடங்கி, மேலே மேலே சுற்றிக் குறுக்கி, அழுத்துவதை நிறுத்திவிட்டுச் சட்டென்று தூக்கினால் உச்சியில் சிறு கூர் நிற்கும். அழுத்திக்கொண்டே தூக்கினால் வால் நீளும். அரை கிலோவுக்குப் பதினைந்து பூ வரும். இளஞ்சூட்டில் பிழிவது எளிது. ஆறினால் தோள் வலிக்கும். மேலே உருக்கிய நெய்யைப் பஞ்சுபோல் தொட்டுத் தடவ வேண்டும். அழுத்தித் தடவினால் வரி போய்விடும்.

மின்சார ஓவன் உள்ளவர்கள் 200 டிகிரியில் இருபது நிமிடம் வைக்கலாம். எங்களில் பலர் வீட்டில் அது இல்லை. குக்கரில் மணல் பரப்பிச் சுட்டுப் பார்த்தோம். கேக்குக்கு அது நல்ல வழி. இதற்கு மேல்முகடு சிவக்கவில்லை. கனத்த சட்டியில் இரண்டு விரற்கிடை மணல் போட்டுக் காயவைத்து, நடுவே ஒரு வளையத்தின்மேல் தட்டை இருத்தி, இரும்புத் தோசைக்கல்லால் மூடி, அந்தக் கல்லின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்பினோம். பதினைந்து நிமிடத்தில் வரிகளின் விளிம்பெல்லாம் பொன்னிறமாயிற்று. தணலைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று சிஸ்டர் வற்புறுத்திச் சொல்லியிருக்கிறார்கள்.

பெற்றோர் தினத்தன்று அறுபது பூக்களை வைத்தோம். மிளகுக் கோழி வறுவலும் வேகவைத்த பட்டாணியும் பக்கத்தில் இருந்தன. உண்மையைச் சொன்னால் இது சோற்றோடு சேராது. வறுவலோடும் சப்பாத்தியோடும் சேரும். ஒரு தந்தையார் இது இனிப்பு என்று நினைத்து எடுத்துக் கடித்துவிட்டு, மறுபேச்சில்லாமல் இன்னொன்று எடுத்தார். ஆச்சியும் வந்திருந்தார்கள். ஒன்றைத் தின்று பார்த்து, “உப்பு கொஞ்சம் கூட இருக்கலாம்” என்றார்கள். அடுத்த தடவைக்காக அதைக் குறித்துக்கொண்டோம்.

அச்சைப் பற்றி ஒரு வார்த்தை. பிழிந்து முடிந்ததும் வில்லைகளை உடனே குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் துளைகளில் உள்ள மாவு இன்னும் கூழாகி அடைத்துக்கொள்ளும். காயவிட்டாலோ ஊசியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். நாங்கள் மூன்று வில்லைகளை அப்படிக் குத்தி எடுத்தோம். அவற்றில் ஒன்று ஆச்சி வீட்டது.