பந்தியில் ஒரு வண்டு



சோற்றில் வண்டு தெரிந்தால் என்ன செய்கிறோம்? கரியாலூரில் ஒரு ஐக்கிய விருந்தில் கவனித்தேன். ஒருவர் ஒதுக்கிப்போட்டுச் சாப்பிட்டார். ஒருவர் இலையை மூடிவிட்டு எழும்பினார். இன்னொருவரோ சமைத்த சகோதரியை எல்லார் முன்பாகவும் திட்டினார். பாவம், அவங்க அழுதுட்டாங்க. நிதானித்துப் பாருங்கள்:

1. வண்டு சமைத்தவரின் அசுத்தமல்ல. அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். புழு உள்ளேயே வளரும்; எத்தனை தரம் களைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மறுநாளுக்கு வைத்த மன்னாவும் புழுத்துப்போனதே!

2. அருவருப்பு வேறு, ஆபத்து வேறு. மழைக்குப் பின் ஈசலைப் பிடித்து வறுத்து ஆசையாய்த் தின்கிறவர்கள் நம் ஊர்களில் உண்டு. ஈயும் கரப்பானுமோ கிருமியைச் சுமப்பவை. அவை விழுந்த உணவைக் கொட்டிவிடுங்கள்.

3. கடையில் வாங்கியதானால் சும்மா விடாதிருங்கள். புழு, வண்டு பிடித்த உணவு பாதுகாப்பற்றது என்கிறது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். பொட்டலத்தோடும் ரசீதோடும் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள்.

சாமையோ அரிசியோ, வெயிலில் காயவைத்து, ஆறினபின் இறுக மூடிவையுங்கள். வண்டை எடுத்துப்போடலாம், பந்தியில் கொட்டின வார்த்தையை எப்படி எடுப்பீர்கள்?