கேளாத செவி காத்த குடும்பம்

எனக்கு இடது காது கேட்காது. யாராவது மெதுவா சாட்சி சொன்னா, கேட்டமாதிரி தலையாட்டிச் சமாளிப்பேன். "ஊழியக்காரனுக்கு இந்தக் குறை ஏன் ஆண்டவரே?" என்று அழுதிருக்கிறேன். இளவரசி ஆலிஸின் வாழ்க்கை என்னை உணர்த்தியது.

1885-ல் இங்கிலாந்தில் வின்ட்சர் அரண்மனையில் பிறந்தவர். பிறவியிலேயே காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். கிரேக்க இளவரசர் ஆண்ட்ரூவை மணந்தார். 1922-ல் குடும்பமே நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டது. மகன் பிலிப்புக்கு அப்போ ஒன்றரை வயசு. பாரிஸ் அருகே தஞ்சமிருந்தபோதும், கிரேக்க அகதிகளுக்கு உதவும் கடையொன்றில் உழைத்தார்.

1938-ல் ஏதென்ஸ் திரும்பினார். நகரம் ஜெர்மானியர் கையிலிருந்த 1943-ல், ரேச்சல் கோஹன் என்ற யூத விதவையையும் பிள்ளைகளையும் தன் வீட்டில் ஒளித்துவைத்தார். கெஸ்டாபோ போலீஸ் விசாரித்தபோது, காது கேளாததைக் காட்டி, கேள்வி எதுவும் விளங்காதவர்போல இருந்துவிட்டார். 1944-ல் விடுதலை வரும்வரை அந்தக் குடும்பம் தப்பியிருந்தது. கேளாத செவியே அவர்களுக்கு மதிலாச்சு!

1949-ல் மார்த்தாள், மரியாள் பெயரில் ஊழியச் சகோதரிகள் சங்கம் தொடங்கினார். 1969-ல் லண்டனில் மரித்தபோது, தனக்கென்று ஒன்றும் வைத்திருக்கவில்லை. எல்லாம் கொடுத்துத் தீர்ந்திருந்தது.

தேவபிள்ளையே, நீ மறைக்கிற குறை எது? அதையும் ஆண்டவர் கையில் கொடு. நான் இப்போ கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன்: "அந்தக் காது கேட்காதும்மா, இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."