ஆடாத புலமும் கணக்கில் உண்டு

கேள்வி: ரூபி லேசரின் சிவப்பு ஒளி நொடிக்குச் சுமார் 432 லட்சம் கோடி முறை அதிர்கிறது. நிலைமின்புலமோ அதிர்வதே இல்லை. இரண்டும் ஒரு படிகத்துக்குள் எப்படிக் கலக்கும்?

பதில்: இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமலே சமன்பாட்டுக்குத் தாவிவிடுவதுதான் பாடம் நடத்துபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு. நிலைமின்புலத்தைப் படிகத்துக்கு வெளியே நிற்கும் வேற்றாளாகப் பார்க்காதீர்கள். அதிர்வெண் சுழியான ஓர் அலை என்று எழுதிப் பாருங்கள்.

லேசரின் அதிர்வெண்ணோடு சுழியைக் கூட்டினால் அதே அதிர்வெண். நிறம் மாறாது, படிகத்தின் ஒளிவிலகல் எண் மாறும். பாக்கல்ஸ் விளைவு என்பது இதுதான். லேசரின் அதிர்வெண்ணை இருமுறை எடுத்துச் சுழியைச் சேர்த்தால் இரட்டை அதிர்வெண், அதாவது புதிய நிறம். 1962இல் ஃபோர்டு நிறுவன ஆய்வுக்கூடத்தில் டெர்ஹூன், மேக்கர், சாவேஜ் மூவரும் இதைக் கால்சைட்டில் காட்டினார்கள். சமச்சீர் மையம் உள்ள படிகம் அது; வழக்கமான வழியில் இரட்டை அதிர்வெண் ஒளியைத் தராது. 694 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பாய்ச்சியபோது 347 நானோமீட்டர் புறஊதா மிக மங்கலாகவே வந்தது. மின்னழுத்தம் கொடுத்ததும் அது கூடியது. புலம் சமச்சீரைக் குலைத்துவிட்டது, அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் புறஊதா ஒளிக்கு ஆற்றல் தருவது மின்புலமா?

பதில்: இல்லை. இரண்டு சிவப்பு ஃபோட்டான்கள் மறைந்து ஒரு புறஊதா ஃபோட்டான் பிறக்கிறது. ஆற்றல் முழுக்க லேசருடையது.

கேள்வி: பாக்கல்ஸ் விளைவுக்காக வைத்திருக்கும் கே.டி.பி. (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) படிகத்தின் முகம் மங்கிவிட்டது. ஈரத்துணியால் துடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அது தண்ணீரில் கரையும் உப்பு.

கேள்வி: பாக்கல்ஸ் விளைவால் இயங்கும் கருவியான பாக்கல்ஸ் செல்லைச் சாதாரணக் கண்ணாடியில் செய்ய முடியுமா?

பதில்: முடியாது. கண்ணாடியில் கிடைப்பது புலத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் கெர் விளைவு. ஜான் கெர் 1875இல் அதை முதலில் கண்டதே கண்ணாடியில்தான். ஆனால் உருக்கிய சிலிக்காக் கண்ணாடியை 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, சில ஆயிரம் வோல்ட் கொடுத்து, மின்னழுத்தத்தை எடுக்காமலே ஆறவிட்டால் உள்ளே ஒரு புலம் தங்கிவிடும். பிறகு அதிலிருந்து இரட்டை அதிர்வெண் ஒளி கிடைக்கும். 1991இல் இது நிரூபிக்கப்பட்டது.

கேள்வி: ஒளியால் நிலைமின்புலத்தை உண்டாக்க முடியுமா?

பதில்: முடியும். ஓர் அதிர்வெண்ணை அதிலிருந்தே கழித்தால் சுழிதானே? 1962இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கே.டி.பி. படிகத்தின் இருபுறமும் மின்தகடுகளை வைத்து ரூபி லேசரைப் பாய்ச்சினார்கள். துடிப்பு கடந்த கணத்தில் தகடுகளுக்கிடையே மின்னழுத்தம் தோன்றியது. இதற்கு ஒளித்திருத்தம் என்று பெயர். இன்று ஃபெம்டோநொடி லேசர் துடிப்புகளைக் கொண்டு டெராஹெர்ட்ஸ் அலைகளை உண்டாக்கும் ஆய்வுக்கூடங்கள் பல இதே வழியைத்தான் கையாளுகின்றன.