கைவராத இளைஞரும் வேலைவாய்ப்பும்

முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர்

சட்டைப் பொத்தானை ஒரு துளை தவறிப் போட்டுக்கொண்டு வருபவர், காபித் தம்ளரை மேசை விளிம்பில் வைத்துக் கவிழ்ப்பவர், தெரிந்த விடையையும் நேரத்திற்குள் எழுதி முடிக்க இயலாதவர், நம் வகுப்புகளில் எப்போதும் ஒருவர் இருவர் உண்டு. அவர்களைக் கவனமற்றவர், சோம்பேறி என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அவர்களுள் சிலருக்கு இருப்பது கவனக்குறைவன்று. டிஸ்பிராக்சியா எனப்படும் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு. இக்குறையுடைய ஒருவர் பட்டம் பெற்று வேலை தேடப் புகும்போது, உடனிருப்போர் எங்ஙனம் துணை நிற்கலாம் என்பதை இங்கு ஆராய்வோம். என் அண்ணன் அத்தகையவர். ஆகவே நூலிற் கண்டதோடு வீட்டிற் கண்டதும் இதில் கலந்திருக்கும்.

'பிராக்சிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் செயல் என்பது பொருள். செய்ய வேண்டியது இன்னதென்று டிஸ்பிராக்சியா உள்ளவருக்குத் தெரியும். கைகால்களில் வலுவும் உண்டு. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, எவ்வளவு விசை கொடுப்பது என்று செயலை ஒழுங்குபடுத்துவதிலேதான் தடுமாற்றம். இதனை அறிவுக்குறைவாகக் கொள்வது பெரும்பிழை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1987இல் இது தனி இடம் பெற்றது. அக்கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, 5 முதல் 11 வயதுள்ள குழந்தைகளுள் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இது உண்டு என்கிறது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று பாட்டிமார் சொல்வதுண்டு, பலருக்குச் சரியாவதில்லை. ஹாரி பாட்டர் படங்களில் நடித்த டேனியல் ராட்கிளிஃப், தமக்கு இலேசான டிஸ்பிராக்சியா உண்டு என 2008இல் வெளிப்படையாகக் கூறினார். கேட்க மகிழ்ச்சிதான். ஆயினும் கணக்கெழுதும் வேலை தேடும் ஒருவருக்கு நடிகரின் பெருமை எவ்வளவு தூரம் உதவும்?

அண்ணன் வணிகவியல் பட்டதாரி. முதலில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. பில்லில் ஒரு பிழையும் வரவில்லை. பிரித்துப் பார்த்த சேலையை மடித்துப் பைக்குள் வைத்து, மீதிச் சில்லறையையும் எண்ணிக் கொடுக்கும்போதுதான் வரிசை நீண்டது. பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். "வேகம் போதாது" என்றார்களாம். அது பொய்யும் அன்று.

இனிச் சட்டத்தின் நிலையை நோக்குவோம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை இயலாமைகளையே ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. அது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள்' என்னும் வகைக்குள் டிஸ்பிராக்சியாவின் பெயரும் அதில் இடம்பெற்றுள்ளது. அரசுப் பணிகளில் நூற்றுக்கு நான்கு இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு உரியவை. அவற்றுள் ஓரிடத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையோர் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கும் நாற்பது விழுக்காடு குறைபாடு உண்டென்னும் சான்று தேவை.

சிக்கல் இந்த நாற்பதில்தான் இருக்கிறது. கற்றல் குறைபாட்டை அளக்கும் முறை 2018இல் வகுக்கப்பட்டு, 2024இல் திருத்தப்பட்டது. அது முதன்மையாக வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றையே அளக்கிறது. சரளமாக வாசிக்கும், கணக்கிலும் தேர்ந்த ஒருவர், கை ஒத்துழையாததால் வேலையை இழக்கிறார். அவரை இந்த அளவுகோல் எப்படி அளக்கும்? சட்டத்தில் பெயர் இருக்கிறது. பெயருக்கேற்ற தராசு இல்லை என்பது என் கருத்து.

சான்றுக்காக அண்ணன் சென்றிருந்தபோது நடந்ததை இங்குச் சொல்லியாக வேண்டும். மருத்துவர் அன்பாகவே பேசினார்.

"பொத்தான் நீங்களே போட்டுக்குவீங்களா தம்பி?"

"போட்டுக்குவேன் சார்."

"சாப்பாடு, குளியல், பஸ்ல போறது?"

"எல்லாம் நானே சார்."

சோதனை முடிவு நாற்பதுக்குக் கீழே வந்தது. வெளியே வந்ததும் அம்மா, "ஏன்டா அப்படிச் சொன்னே? தினமும் உனக்குப் பொத்தான் சரிபண்றது யாரு?" என்று கேட்டார். அண்ணன் சொன்ன விடை இன்றும் என் காதில் நிற்கிறது: "இன்டர்வியூல எதைக் கேட்டாலும் முடியும்னு சொல்லுன்னு நீதானேம்மா சொன்னே?"

வேலை கேட்கும் இடத்தில் 'இயலும்' என்று சொல்ல வேண்டும். உதவி கேட்கும் இடத்தில் 'இயலாது' என்று சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் ஒரே இளைஞர் இரண்டையும் சொல்வதென்றால் எதைச் சொன்னாலும் பொய்போலத் தோன்றும். சிலர் உதவியே வேண்டாமென்று ஒதுங்கிவிடுவது இக்கூச்சத்தால்தான் போலும்.

இதிலிருந்து வெளிவர எங்களுக்கு வழி காட்டியது அயல்நாட்டு விதி ஒன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013இல் தொடங்கிய தனிநபர் உதவித்தொகைத் திட்டத்தில், நோயின் பெயரைவிட அன்றாடச் செயல்களே ஆராயப்படுகின்றன. சமைத்தல், உடுத்தல், பணத்தைக் கையாளுதல், வழியறிந்து செல்லுதல் முதலிய ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் உண்டு. ஒருவரால் ஒரு செயலைச் செய்ய முடியும் என்றால் நான்கு கேள்விகளுக்கு ஆம் என்ற விடை வர வேண்டும். ஆபத்தின்றிச் செய்கிறாரா? ஏற்கத்தக்க அளவில் செய்கிறாரா? வேண்டும்போதெல்லாம் திரும்பச் செய்ய முடிகிறதா? உரிய நேரத்திற்குள் செய்கிறாரா? குறையில்லாத ஒருவர் அதிகபட்சமாக எடுத்துக்கொள்ளும் நேரத்தைப்போல் இருமடங்குக்கு மேல் ஆனால், அது உரிய நேரமன்று. அந்நாட்டிலும் இத்தொகையைப் பெறுவதில் வழக்கும் வாதமும் மிகுதி என்பது வேறு செய்தி. அந்த நான்கு கேள்விகள் நமக்கும் பயன்படும்.

ஆகவே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். அண்ணன் சொல்ல, நான் எழுதினேன். 'சட்டை: ஏழு நிமிடம், ஒரு பொத்தான் தவறு. காய் நறுக்கல்: விரலில் வெட்டு. பேருந்து: இறங்குமிடம் தப்பியது. கணினியில் நாற்பது ரசீதுகள்: பிழையில்லை.' இப்படி மூன்று வாரம் எழுதினோம். கடைசி வகைக் குறிப்புகளை அம்மா அடிக்கச் சொன்னார், அண்ணன் சம்மதிக்கவில்லை. அவர் செய்தது சரி. அந்த நோட்டை இரு அலுவலகங்களிலும் கூசாமல் காட்டலாம்.

தேர்வுகளைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். தொகுதி நான்கு தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டத்தைக் கருமையாக்க வேண்டும். கைவராதவருக்கு வினாவைவிட வட்டமே கடினம். மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை, தகுதியுடையோருக்கு மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரச் சொன்னது. நாற்பது விழுக்காடு இல்லாதோர் கதி என்ன? குடிமைப்பணித் தேர்வில், எழுதுகையில் கை இழுத்துக்கொள்ளும் ஒருவருக்கு எழுத்தர் துணை மறுக்கப்பட்டது. அந்த விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், எழுத்தர் துணைக்கு நாற்பது விழுக்காட்டை நிபந்தனையாக்கக் கூடாது எனத் தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில் மற்றொரு வழக்கிலும் அதனை வலியுறுத்தியது. நெறிமுறைகள் அடிக்கடி திருத்தப்படுவதால், தேர்வு அறிவிக்கை வந்தவுடன் எழுத்தர், கூடுதல் நேரம் பற்றிய பகுதியை முதலில் படித்து, மருத்துவச் சான்றை உரிய படிவத்தில் பெற்று வைக்க வேண்டும். தேர்வறையில் போய்க் கேட்டால் பயனில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் தள்ளிப்போடலாகாது. வேலையற்ற மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகைக்கு அடையாள அட்டையோடு அப்பதிவும் வேண்டும்.

வேலைத் தலத்தில் கேட்க வேண்டியவை சிறியவையே: வேலைகளை வாய்மொழியாக அல்லாமல் ஒரு தாளில் எழுதித் தருதல், பேரேட்டுக்குப் பதில் கணினி, முதல் மாதம் பழக அவகாசம். குறையை முதலாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பதை வீட்டார் முடிவு செய்யக் கூடாது. அது அவருடைய முடிவு. தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் அண்ணன் சொன்னார்: "கணினியில் பதிவு பிழையில்லாமல் செய்வேன் சார். கையால எழுதணும்னா ரெண்டு மடங்கு நேரமாகும்." அவர் சற்று யோசித்துவிட்டு, "இங்கே கையால எழுதறது ரொம்பக் கம்மிதான்" என்றார். ஐந்து மாதமாக அங்கேதான் வேலை.

சான்று முடிவை ஏற்காதவர் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இடமளிக்கிறது. மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் நோட்டை எடுத்துக்கொண்டு போகப் போகிறார். அம்மாவை வாசலிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்.