கல்லாவுக்குப் பின்னால் இருந்தவர்கள்

அன்புள்ள வாசகருக்கு,

பசறையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் பதுளையில் சாராய பார் நடத்தியதைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். "தோட்டத்துச் சனத்தைக் குடி அரித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் சாராயக்கடையைக் கொஞ்சி எழுதுகிறீர்களே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

ஸ்பிரிங்வெளி, தெல்பெத்தைத் தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வருகிறவர்கள் கடந்துபோகும் வீதியில் எங்கள் கடை இருந்தது. உரிமம் பெரியப்பா பெயரில். 1948இல் நம்மவர்களின் பிரஜாவுரிமை பறிபோன பிறகு, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டுப் பதிவுப் பிரஜையான கொஞ்சப் பேரில் அவரும் ஒருவர். கல்லாவில் அவர் உட்காருவார். அளந்து ஊற்றுவது சித்தப்பா. போத்தல் கழுவுவது அண்ணன்மார். வாங்குப் பலகைகள், ஒரு நீள மேசை, சுவரில் முருகன் படம், அவ்வளவுதான் கடை. வெளிநாட்டுச் சரக்கு கிடையாது. தென்னஞ்சாராயமும் கொஞ்சம் பியரும் இருக்கும்.

ஆனால் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது பின்கட்டு. அங்கே பெரியம்மாவும் அப்பாயியும் இரண்டு அத்தைமாரும் இருந்தார்கள். மிளகு தூக்கலாகப் போட்ட ஈரல் பொரியல், வெங்காயத்தோடு வதக்கிய நெத்தலிக் கருவாடு, செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளித்த கடலை. குடிக்காதவர்கள்கூட இலையில் மடித்து வாங்கிப் போவார்கள். 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் மாவும் அரிசியும் சுருங்கிப் பட்டினிச் சாவுகள் நடந்தபோது, எங்கள் அடுப்பில் மரவள்ளிக் கிழங்குதான் வெந்தது. பின்வாசலில் வந்து நிற்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு முதலில், மிச்சம் இருந்தால் மேசைக்கு. இது அப்பாயி போட்ட சட்டம். பெரியப்பாவுக்கு முணுமுணுக்க மட்டுமே உரிமை இருந்தது.

போயா தினத்தில் பார் மூடியிருக்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம். அன்று முதியங்கணை விகாரைக்குப் போகும் கூட்டம் வெள்ளை உடுப்பில் வீதியை நிறைக்கும். எங்களுக்கு அதுதான் குடும்ப நாள். பண்டாரவளையிலிருந்தும் ஹாலிஎலயிலிருந்தும் சொந்தபந்தம் வந்து இறங்கும். கடையைப் பூட்டலாம்; அடுப்பை யார் பூட்டுவது? இருபது பேருக்கு இலை போடும் வேலை அன்றைக்கும் அதே நாலு பெண்களுக்குத்தான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பத்தாம் திகதி சம்பளம் போடுவார்கள். மலையில் கொழுந்து எடுப்பவள் பெண். அவள் சம்பளத்தையும் சேர்த்துப் புருஷனோ அப்பனோ கையெழுத்துப் போட்டு வாங்கி வருவது பல தோட்டங்களில் அன்றைய வழக்கம். அந்தக் காசில் ஒரு பங்கு நேராக எங்கள் மேசைக்கு வந்தது. அதில்தான் நான் சீருடையும் சப்பாத்தும் போட்டுப் படித்தேன். இதை நான் மறைக்கப் போவதில்லை.

சம்பள நாளில் சில பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வருவார்கள். பெரியம்மாவிடம் என்னவோ சொல்வார்கள். உடனே அடுப்படியிலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்கும்: "தம்பி, மூலையில இருக்கிற அண்ணனுக்குப் பொரியல் முடிஞ்சிருச்சுன்னு சொல்லு." சட்டியில் பொரியல் நிறைய இருக்கும். சித்தப்பாவுக்கு அர்த்தம் புரியும். அந்த ஆளுக்கு அதற்கு மேல் ஒரு சொட்டு ஊற்ற மாட்டார். ஆளுக்கும் புரிந்துவிடும். சிலர் சிரித்துக்கொண்டே எழும்புவார்கள். சிலர் ஏசிவிட்டுக் கசிப்பு விற்கும் இடம் தேடிப் போவார்கள். எனவே பெரியம்மா ஊரைத் திருத்தினார் என்று சொல்ல மாட்டேன். விற்கிற கடைக்குள் இருந்துகொண்டே தன்னால் முடிந்த இடத்தில் கையை நீட்டித் தடுத்தார். நான் கொஞ்சி எழுதியது அந்தக் கையை.

இந்த நாட்டில் சாராயத்தின் கதை எப்போதும் ஆண்களின் பெயரில்தான் எழுதப்பட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டார்கள். குத்தகை எடுத்த கரையோரக் குடும்பங்கள் கண்டிச் சீமையெங்கும் தவறணைகளை நடத்திப் பெரும் பணக்காரர்கள் ஆயின. இலங்கை முதலாளிகளின் முதல் பெரும் செல்வம் சாராயக் குத்தகையில் சேர்ந்தது என்பதைக் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்த வம்சங்களின் ஆண்கள் பெயரில் இன்றும் கொழும்பில் வீதிகள் உண்டு. அந்தத் தவறணைகளுக்குக் கருவாடு பொரித்தவர்கள் யார் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1979இல் ஓர் அறிவித்தல் வந்தது. பெண்களுக்கு மது விற்கக் கூடாது. முன் அனுமதி இல்லாமல் மது விற்கும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைக்கவும் கூடாது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தடையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் வீட்டில் 1979க்கு முன்பும் பெரியம்மா கல்லாப் பக்கம் வந்ததில்லை. வழக்கம் ஏற்கெனவே போட்டிருந்த வேலியை வர்த்தமானி அச்சில் போட்டது. அந்த வேலி எந்தத் தோட்டத்துப் பெண்ணின் சம்பளத்தையும் காப்பாற்றவில்லை.

1983 ஜூலை 27ஆம் திகதி பதுளையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது எங்கள் கடையும் போயிற்று. பெரியப்பா மறுபடி பார் திறக்கவில்லை. அதற்கு மனசும் இல்லை, முதலும் இல்லை. ஒரு வருஷம் கழித்துப் பெரியம்மா இடியப்பமும் சொதியும் விற்கும் சின்னக் கடை போட்டார். அந்தக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தவர் பெரியம்மா. தேங்காய் துருவிக் கொடுத்தவர் பெரியப்பா. நான் பார்த்தவரை, இருவரும் அதிகம் சிரித்துப் பேசியது அந்தக் காலத்தில்தான்.

அதே 1984இல்தான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனது. சம்பளம் சமமானது, அது யார் கையில் சேருகிறது என்பது வேறு கேள்வியாகவே நின்றது.

நீங்கள் குடிக்கு எதிராகக் கூட்டம் நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். கூப்பிடுங்கள், நானும் வருகிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். மேடையில் ஆண்களை வரிசையாக உட்கார வைத்து, பெண்களைக் கீழே பாயில் உட்கார வைக்காதீர்கள். எந்த லயத்தில் யார் எவ்வளவு குடிக்கிறார், யார் கடன்பட்டிருக்கிறார், யாரிடம் எப்படிப் பேசினால் கேட்பார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். முதலில் அவர்கள் பேசட்டும். தன் சம்பளத்தைத் தன் கையில் வாங்கும் பெண்கள் எத்தனை பேர் என்பதை அந்தக் கூட்டத்திலேயே கேட்டு எழுதுங்கள். உங்கள் வேலை அந்தக் கணக்கிலிருந்து தொடங்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்